எட்டாவது ஆணி

விமானத்திலிருந்து குதிக்க வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "காலையில சாப்பிட்டீங்களா?" என்பதுதான். பாதிப் பேர் இல்லை என்பார்கள். பயத்தில் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை என்ற உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வயிறு லேசாக இருந்தால் நல்லது என்று எங்கோ படித்ததாகக் கதை விடுவார்கள். அவள் மேஜைக்கு அடியிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து நடுவில் வைப்பாள்.

"ரெண்டு துண்டாவது தின்னுங்க. வெறும் வயிறு தரையில வீரம் பேசும், கதவைத் திறந்ததும் மயங்கி விழும். மயங்கினவங்களை வச்சுக்கிட்டு மேல யாரு மாரடிக்கிறது?"

சிரித்துக்கொண்டே தின்பார்கள். சிரிப்பு வந்துவிட்டால் பாதி பயம் போன மாதிரி என்பது அவளுடைய அனுபவம். இருபத்தாறு வருஷ அனுபவம். இத்தனைக்கும் அவள் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "எல்லாரும் குதிச்சுட்டா கீழ யாரு இருக்கறது?" என்பாள்.

விமான ஓடுபாதையின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம். வெயில் காலத்தில் அடுப்பு, மழைக் காலத்தில் பறை. அங்கேதான் அவளுக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்னால் கூடாரம் தைக்கும் கம்பெனியில் தையல்காரியாக இருந்தவள். கிழிந்த பாராசூட் ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தவர்கள் அவளுடைய தையலைப் பார்த்துவிட்டு ஆளையே கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே குதிக்கக் கற்றுக்கொடுத்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நாலு வருஷத்தில் அவன் குதிக்கக் கற்றுக்கொள்ள வந்த ஒருத்தியோடு போய்விட்டான். பதினாலாயிரம் அடியிலிருந்து குதிக்கிறவனுக்கு வீட்டுப் படியிலிருந்து குதிப்பதா பெரிய காரியம் என்று அவளே சொல்லிச் சிரித்துவிட்டு, மறுநாளும் வேலைக்கு வந்தாள்.

அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். முதுகில் மாட்டும் ஒவ்வொரு பையிலும் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவதை மடிப்பது இருபது நிமிஷ வேலை, கற்றுக்கொண்டால் யாரும் செய்யலாம். இரண்டாவது, முதலாவது கைவிட்டால் காப்பாற்ற வேண்டியது. அதை ரிசர்வ் என்பார்கள். அதை மடிக்க உரிமம் வேண்டும், பொறுமை வேண்டும், முழுசாக இரண்டு மணி நேரம் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, யாரும் அதைத் தொடாவிட்டாலும், பிரித்துக் காற்றாட விட்டு மறுபடி மடித்து, பையில் செருகிய அட்டையில் மடித்தவர் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

மடிக்கும்போது துணி பிதுங்கி வெளியே வராமலிருக்க, விரல் நீள எஃகு ஊசிகளை இடையிடையே செருகிக்கொள்வாள். மூடும்போது ஒவ்வொன்றாக உருவிவிட வேண்டும். ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் போச்சு. மேலே இருக்கிறவன் கைப்பிடியை இழு இழு என்று இழுத்தாலும் பை வாயைத் திறக்காது. அதனால்தான் ஊசி ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு துண்டு சிவப்பு நாடா. சுவரில் ஒரு பலகை, பலகையில் எட்டு ஆணி, எட்டு ஆணிக்கும் எட்டு ஊசி. ஒவ்வொரு பையும் முடிந்தவுடன் ஊசிகளை மாட்டி, விரலால் தொட்டு வாய்விட்டு எண்ணுவாள். எட்டு என்று வாயில் வந்த பிறகுதான் அட்டையில் கையெழுத்து. இதைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் அவளுக்கு ஊசியக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முதலாளியை எல்லாரும் கேப்டன் என்பார்கள். கேப்டன் வேறு யாரும் இல்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவளைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனுக்குச் சோறு ஊட்டியது முதல் சட்டைப் பொத்தான் தைத்தது வரை எல்லாம் அவள்தான். அவனை இந்தத் தொழிலில் இழுத்துவிட்டதும் அவள்தான். முதல் தடவை குதிக்கப் போன அன்று அவனுக்கு ஒரே பயம். விமானத்தில் ஏறும் படியில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தான்.

"நீதானேக்கா மடிச்சே?"

"நான்தான்டா."

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டான். அவளுக்கு அது இன்றைக்கும் மறக்கவில்லை. அவனுக்கு மறந்துவிட்டது என்று பின்னால் தெரிந்துகொண்டாள்.

இருபது வருஷத்தில் அவன் அந்தக் கூடத்தையும் இரண்டு விமானத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டான். கெட்டிக்காரன். ஆனால் கெட்டிக்காரனுக்கு எல்லாம் பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும். சுவருக்கு நீலச் சாயம், வாசலில் தொட்டிச் செடி, படம் எடுக்க ஒரு ஆள். வந்தவர்கள் முன்னால் அக்காவை, "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாகப் பேசுவான். அவளுக்கு அது யாரையோ பேசுகிற மாதிரி இருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் அரைமணி நேரம் பேச வேண்டியது அவள் என்று ஏற்பாடு செய்ததும் அவன்தான். குதிக்காதவள் குதிப்பதற்குப் பாடம் எடுக்கிறாளே என்று கற்றுக்கொடுக்கிற ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள். ஒரு நாள் உட்கார்ந்து கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

"எடையைக் குறைச்சுச் சொல்லாதீங்க. பாராசூட்டுக்கு உங்க வெக்கம் தெரியாது. தரை பக்கத்துல வர்றப்ப காலுக்குக் கீழ பாக்காதீங்க, தூரத்துல மரத்தைப் பாருங்க. கீழ பாத்தா காலை நீட்டத் தோணும். நீட்டின கால்தான் முறியும். முட்டி ரெண்டையும் ஒட்டி வச்சு, பக்கவாட்டுல உருண்டுடுங்க. அசிங்கமா இருக்கும். இருக்கட்டும். நின்னுக்கிட்டு இறங்கணும்னு ஆசைப்பட்டு மாவுக்கட்டோட போனவங்க நிறைய பேரு. கதவுக்கிட்ட போனதும் மனசு இல்லன்னா, விமானத்துலயே திரும்பி வந்துடுங்க. அதுல ஒண்ணும் அவமானம் இல்ல. ரொட்டி மிச்சம் இருக்கும்."

கடைசியாக ஒன்று சொல்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

"உங்க பையை யாரு மடிச்சதுன்னு கேளுங்க. அட்டையைப் பாருங்க. மடிச்ச ஆளு எதிர்ல இருந்தா மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க. சங்கடப்படாதீங்க. உயிரு உங்களோடது."

பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம். உயிரைவிடத் தயக்கம் பெரிதாக இருக்கிற மனிதர்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.

அந்த வாரம் ஒன்பது ரிசர்வுக்குத் தேதி முடிந்திருந்தது. சனிக்கிழமை ஒன்பது பேர் கொண்ட புதுக் கூட்டம் வருகிறது. அதற்குள் ஒன்பதையும் முடித்தாக வேண்டும். அவள் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டாள். தனியாக விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை மத்தியானம் முடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஆனால் தம்பி விட்டால்தானே. அந்த வாரம் யார் யாரோ இடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள்.

"அக்கா, பத்தே நிமிஷம். வந்து நம்ம பேச்சைக் கொஞ்சம் பேசிட்டுப் போயேன். நீ பேசினாத்தான் அவங்களுக்கு ஒரு இது வரும்."

"பாதியில எந்திரிக்கக் கூடாதுடா."

"பத்தே நிமிஷம்க்கா."

பாதியில் எழுந்தால் திரும்பி வந்து முதலிலிருந்து பிரித்து மடிக்க வேண்டும். அவளே வைத்த சட்டம் அது. அந்த வாரம் அப்படி மூன்று தடவை எழுந்து போனாள். இரண்டு தடவை பிரித்து மடித்தாள். ஒரு தடவை, நேரமாகிவிட்டது, இடுப்பு வலிக்கிறது, விட்ட இடம்தான் ஞாபகம் இருக்கிறதே என்று அப்படியே தொடர்ந்து மூடிவிட்டாள். ஊசிகளை மாட்டி எண்ணினாள். எட்டு ஆணியும் நிறைந்திருந்தன. கையெழுத்துப் போட்டாள். இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. தப்பு அவளுடையதுதான். அவளும் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டு, ரொட்டி கொடுத்து, பேசி முடித்தாள். ஒன்பது பேரில் கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா மட்டும் கை தூக்கிக் கேட்டாள்.

"இதெல்லாம் யாரு மடிச்சதுங்க?"

"நான்தான்மா."

டீச்சரம்மா அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். ஊசியக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. மத்தியானம் வேறொரு வேலைக்கு வேண்டுமென்று ஊசி எடுக்கப் பலகைப் பக்கம் போனாள். எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

அவளுடைய ஊசிகளின் நாடாக்கள் வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டவை. ஒவ்வொன்றின் நுனியிலும் அவள் கையால் போட்ட இரட்டை முடிச்சு இருக்கும். எட்டாவது ஆணியில் தொங்கியது பளபளவென்று புதுச் சிவப்பு. முடிச்சு இல்லை.

வெளியே ஓடினாள். தம்பி வெயில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பைலட்டோடு பேசிக்கொண்டிருந்தான்.

"இதை யாரு மாட்டினது?"

"எதை? ஓ, அதுவா. நான்தான்க்கா. போட்டோ எடுக்கறப்ப பல்லு விழுந்த வாய் மாதிரி ஒரு ஆணி காலியா இருந்துச்சு. டப்பாவுலேர்ந்து புதுசு ஒண்ணு எடுத்து மாட்டினேன். ஏன்?"

"என்னைக்கு?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? செவ்வாயா, வியாழனா, நீ அந்தப் பக்கம் பேசிட்டு இருந்தே."

"அப்ப என் ஊசி எங்கடா?"

அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. உடனே துடைத்துவிட்டுக்கொண்டான். "கீழ எங்கயாவது விழுந்திருக்கும்."

இரண்டு பேரும் கூடத்தைத் தலைகீழாகப் புரட்டினார்கள். துடைப்பத்தால் பெருக்கினார்கள், மேஜைக்கு அடியில் காந்தம் ஓட்டினார்கள். ஒரு பொத்தானும் நாலு ஆணியும் கிடைத்தன. தம்பி அவளைக் கூடத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. ஒன்பதையும் பிரிச்சு மடிக்க ரெண்டு மூணு நாளாகும். ஒன்பது பேரு உடுப்பை மாட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருக்காங்க. முதல் பாராசூட்டு திறக்காம போறது ஆயிரத்துல ஒண்ணு. அந்த ஒண்ணும், உன் ஊசி இருக்கற பையும் ஒரே ஆளுக்கு அமையணும். கணக்குப் போட்டுப் பாரு."

"நீ கணக்குப் போடு. நான் ஊசி எண்ணறவ."

"திங்கக்கிழமை எல்லாத்தையும் பிரிச்சுடலாம். இன்னைக்கு ஒரு நாள் போகட்டும். நான் கேட்டு நீ எதைச் செய்யாம இருந்திருக்கே?"

அது உண்மை. அவன் கேட்டு அவள் எதையும் செய்யாமல் இருந்ததில்லை. அவன் அவள் தோளைத் தட்டிவிட்டு முன்பக்கம் போனான். அங்கிருந்து அவன் குரல் கேட்டது. "எல்லாரும் பையை எடுத்துக்கலாம்."

ஒன்பது பைகளும் வரிசையாகக் கொக்கிகளில் தொங்கின. அவர்கள் எழுந்து வருவதற்குள் அவள் அங்கே போய் நின்றுவிட்டாள். முதல் பையின் ரிசர்வ் கைப்பிடியைப் பிடித்தாள், இழுத்தாள். உள்ளேயிருந்து ஸ்பிரிங் வைத்த சின்னக் குடை துள்ளி வந்து தரையில் விழுந்தது. பை வாயைப் பிளந்துகொண்டது. இனி அதை மறுபடி மடிக்காமல் யாராலும் மாட்டிக்கொண்டு போக முடியாது. இரண்டாவதை இழுத்தாள். மூன்றாவதை இழுத்தாள். ஒவ்வொன்றும் அவளுடைய இரண்டு மணி நேரம்.

"அக்கா!" என்று தம்பி கத்தினான். புதியவர்களில் ஒருவர் இது பாடத்தில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு கைப்பேசியில் படம் பிடிக்க ஆரம்பித்தார். நாலு. ஐந்து. தம்பி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள். ஆறு. எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. ஒருவேளை ஊசி நிஜமாகவே தரையில்தான் விழுந்ததோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஏழாவதை இழுத்தாள்.

கைப்பிடி கையோடு வந்தது. பை வாயைத் திறக்கவில்லை.

அவள் அந்தப் பையை இறக்கி மேஜையில் வைத்து, மேல் மடிப்பைத் தூக்கி, விரலை உள்ளே விட்டு ஊசியை உருவினாள். வெளுத்த நாடா, இரட்டை முடிச்சு. உருவியதும் சின்னக் குடை அவள் தோளில் இடித்துக்கொண்டு பாய்ந்தது. அந்தப் பை டீச்சரம்மாவுக்கு ஒதுக்கியது இல்லை. வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, அவள் பேசியபோதெல்லாம் கைப்பேசியையே நோண்டிக்கொண்டிருந்த ஒருவனுக்கு ஒதுக்கியது.

அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "இதை உள்ள விட்டது யாரு?"

"நான்தான்" என்றாள்.

ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் டீச்சரம்மா அப்படி வெறுத்துப் பார்ப்பாள் என்றும் எதிர்பார்க்கவில்லை. காலையில் நம்பிப் பார்த்த அதே கண்கள்.

அந்தப் படம் இரண்டே நாளில் ஊரெல்லாம் சுற்றியது. ஆனால் முதல் ஆறு பைகளை அவள் இழுத்த பகுதியை அதிலிருந்து வெட்டிவிட்டார்கள். ஏழாவதும், "நான்தான்" என்று அவள் சொல்வதும் மட்டும் இருந்தன. பரிசோதனை அதிகாரி வந்தார். நல்ல மனுஷன்தான், அவசரப்படவில்லை. கூடத்தின் ஓரத்தில் இருந்த ஆபீஸ் அறையில் அவளையும் தம்பியையும் எதிரெதிரே உட்கார வைத்து, மேஜையில் அட்டையை வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"ஊசிகளை எண்ணலையா?"

"எண்ணினேங்க. எட்டு இருந்துச்சு. காலியா இருந்த ஆணியில யாரோ புதுசு ஒண்ணு மாட்டிட்டாங்க. அதனாலதான் எட்டு வந்துச்சு."

"யாரு மாட்டினது?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் சொல்லியிருந்தாலும் அவள் தப்பு தப்புதான், உரிமம் போயிருந்தாலும் போயிருக்கும். ஆனால் ஊசி எண்ணத் தெரியாதவள் என்ற பேர் வந்திருக்காது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதிகாரியும் அவன் பக்கம் திரும்பினார்.

"நான் அந்தப் பலகையைத் தொட்டதே இல்லீங்க" என்றான் தம்பி. குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. உரிமத்தை ரத்து செய்தார்கள். அவளுடைய ஏழு ஊசிகளைக் கொடுத்தார்கள், எட்டாவதைச் சாட்சிக்கென்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உரிமத்துக்காக அழவில்லை. தன் கையால் வளர்த்தவன் மேல் இப்படி ஒரு வெறுப்பு வருமா என்று அழுதாள். வந்தது. போகவும் இல்லை.

மாடியில் இரண்டு அறை வீடு. அங்கேயே தையல் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூடப் பைகளுக்கும் பயணப் பைகளுக்கும் ஜிப் மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். வேலைக்குக் குறைவில்லை. காய்கறிக் கடையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "அவங்கதான், ஊசியை உள்ள விட்டவங்க" என்று காதைக் கடித்தாள். ஊசியைக் கண்டுபிடித்தவள் என்று யாரும் சொல்லவில்லை. ஊசியக்கா என்ற பேர் மட்டும் அப்படியே இருந்தது, அர்த்தம் மாறிவிட்டது.

பைலட் எப்போதாவது பை தைக்க வருவார். அவர் சொல்லித்தான் அங்கே நடப்பது தெரியும். புதிதாக ஓர் ஆளை மடிக்க வைத்திருக்கிறார்களாம். இரண்டு மணி நேர வேலையை நாற்பது நிமிஷத்தில் முடிக்கிறானாம். ஆரம்பப் பேச்சை இப்போது கேப்டனே பேசுகிறானாம்.

"என்ன பேசறான்?"

"உங்க பேச்சுதான். வார்த்தைக்கு வார்த்தை. ரொட்டிகூட வைக்கிறாரு." பைலட் கொஞ்சம் தயங்கினார். "கடைசியில அந்த யாரு மடிச்சதுங்கறதை மட்டும் விட்டுட்டாரு. அதுக்குப் பதிலா, இங்க ஒருத்தங்க ஊசியை உள்ள விட்டுட்டாங்க, அதுக்கப்புறம் எல்லாத்தையும் நான் சரி பண்ணிட்டேன்னு சொல்றாரு."

அவள் ஜிப்பைத் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தம்பி மாடிப்படி ஏறி வந்தான். கையில் பெரிய பயணப் பை. நாற்காலியில் உட்காராமல் நின்றான். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். எதிரியே வந்தாலும் டீ கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது. அவன் பயணப் பையைத் திறந்து தன்னுடைய சொந்தப் பாராசூட்டை எடுத்துத் தரையில் வைத்தான்.

"ரிசர்வுக்குத் தேதி முடிஞ்சுடுச்சுக்கா. ஞாயித்துக்கிழமை பெரிய நிகழ்ச்சி இருக்கு, நான் குதிக்கணும். எனக்கு மட்டும் நீ மடிச்சுக் கொடு."

"அங்கதான் ஆள் இருக்கானே."

"அவன் மடிக்கிறது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "உன் கை மாதிரி வராதுக்கா."

"அவன் மடிச்சதைப் போட்டுக்கிட்டுத்தானே மத்தவங்க குதிக்கறாங்க?"

அவன் டீயை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊருக்கு என்ன சொன்னாலும், தன் உடம்பு என்று வந்தபோது அவன் அவளிடம்தான் வந்திருக்கிறான். மெஷினை ஓரமாகத் தள்ளினாள், தரையைத் துடைத்தாள், துணியை விரித்தாள். இரண்டு அறைக்கும் நடுவே துணி நீண்டு கிடந்தது. கயிறுகளை ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவே ஓடவிட்டாள். கை எதையும் மறக்கவில்லை. இரண்டு மணி நேரம் அவள் தலை நிமிரவில்லை. கடைசி ஊசியையும் உருவி, எல்லாவற்றையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து, தொட்டு எண்ணினாள். ஏழு. அவளிடம் இருப்பதே ஏழுதான்.

"அட்டையைக் கொடு" என்றாள்.

தம்பி அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான், கொடுக்கவில்லை.

"கையெழுத்து அந்தப் பையன் போட்டுடுவான்க்கா. நீ போட்டா செல்லாது."

"யாரு மடிச்சதுன்னு கேட்டா?"

"என்கிட்ட யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"நீ கேட்டியேடா" என்றாள். "படியில நின்னுக்கிட்டு."

அவனுக்குப் புரியவில்லை. எந்தப் படி என்று யோசிக்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குள் கொஞ்சம் மிச்சமிருந்ததும் அணைந்துவிட்டது. குனிந்தாள். கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். சின்னக் குடை துள்ளி, மேலே மின்விசிறியில் இடித்து, மெஷின் மேல் விழுந்தது. மிச்சத் துணியையும் இரண்டு கையாலும் வாரி வெளியே உதறிப் போட்டாள்.

"என்னக்கா பண்ணிட்டே?"

"கையெழுத்துப் போடறவனே மடிக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமை நான் எதைப் போட்டுக்கிட்டுக் குதிக்கிறது?"

"அவன் மடிச்சதைத்தான். எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்னு சொல்றியாமே."

அவன் துணிக்கு நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். வாரிச் சுருட்டப் பார்த்தான், கயிறு கையில் சிக்கியது. சின்ன வயசில் அவள் எதிரில் அழுகிற மாதிரியே வாய் கோணியது. "பயமா இருக்குக்கா" என்றான்.

"மனசு இல்லன்னா விமானத்துலயே திரும்பி வந்துடு. அதுல ஒண்ணும் அவமானம் இல்ல."

அவன் துணியைப் பயணப் பைக்குள் திணித்துக்கொண்டு போனான். ஜிப் மூடவில்லை. வெளியே தொங்கிய கயிறுகள் படியெல்லாம் இழுபட்டுக்கொண்டு போயின.

அடுத்த செவ்வாய்க்கிழமை பைலட் வந்தார். தோல் பையில் ஒரு வார் அறுந்திருந்தது. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி எப்படி என்று கேட்டாள்.

"நல்ல கூட்டம். கேப்டன்தான் குதிக்கலை. திடீர்னு முட்டி வலியாம், மைக்ல சொன்னாங்க. புதுசா வந்தவங்க பதினோரு பேரும் குதிச்சாங்க."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "எல்லாரும் நல்லபடியா இறங்கிட்டாங்களா?"

"இந்தத் தடவை இறங்கிட்டாங்க."

"யாரு மடிச்சதுன்னு யாராவது கேட்டாங்களா?"

பைலட் யோசித்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை என்றார்.